சட்டியில் வளர்த்த அந்துப்பூச்சி

என் வயதுத் தோழிகளே, போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு படம் போட்டாள். அவள் வீட்டுப் பால்கனிச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அந்துப்பூச்சி. முதுகில் அச்சடித்தது போல மண்டை ஓடு. கீழே ஒரு கேள்வி: ‘இது வீட்டுக்கு ஆகுமா?’ கேட்டவள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கற்பூரம் காட்டு என்றாள் ஒருத்தி. முன்னோர் வந்திருக்கிறார்கள், எள்ளுருண்டை வை என்றாள் இன்னொருத்தி. வங்கியில் மேலாளராக இருந்தவள், அமாவாசையில் வந்ததா என்று விசாரித்தாள். கடைசியில் வழக்கம்போல யாரோ, நம் பெரியவர்கள் காரணமில்லாமல் எதையும் சொல்லவில்லை என்று கும்பிடு போட்டு முடித்துவைத்தாள்.

நான் அங்கே ஒன்றும் எழுதவில்லை. கட்டைவிரலால் தட்டி முடிகிற எரிச்சல் இல்லை இது. அந்தப் பூச்சியை எனக்குத் தெரியும். நம் பெரியவர்களையும் தெரியும். ஒரு புரட்டாசியில் இரண்டு தரப்பையும் ஒரே வீட்டில் வைத்துப் பார்த்தவள் நான். பூச்சியிடம் எனக்கு இன்றுவரை எந்தக் குறையும் இல்லை.

பாண்டிச்சேரி மாநிலத்தைச் சேர்ந்த தருமபுரத்தில் எங்கள் வீடு. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவர் குடும்பமும் ஒரே உலையில் சாப்பிட்டோம். நிலம் இருந்தது, அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஆண்கள் எல்லாரும் உத்தியோகம் பார்த்தார்கள். பெரியப்பா பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேரியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மேரி என்றால் வேறொன்றுமில்லை, நகராட்சி அலுவலகம். ஆனால் அவர் முன்னால் நகராட்சி என்று சொன்னால் பிடிக்காது. பிரெஞ்சில் பிரெவே என்கிற பள்ளிப் பரீட்சை தேறியவர், ஊரில் பத்திரம் எழுதும்போது அவரைக் கூப்பிடாமல் இருக்க மாட்டார்கள், கோயிலுக்குப் போனாலும் திருநீற்றை ஒரு ஓரமாகத் தொட்டுக்கொள்வார், மூடநம்பிக்கை எல்லாம் படிக்காத ஜனங்களுக்கு என்பார். இவ்வளவையும் வாயில் சுருட்டை வைத்துக்கொண்டே சொல்வார். விடியற்காலையில் முதல் சுருட்டு, படுக்கப் போகும்போது கடைசிச் சுருட்டு. எங்கள் வீட்டுத் தலையணை உறையில்கூட அந்த வாசனை இருந்தது. எச்சில் தட்டுக் கழுவும்போது சாம்பலைத் தனியாகத் தட்டவேண்டும்.

அந்த வருஷம் ஆனியிலேயே அவர் குரல் கம்மிப் போனது. ஆவணிக்குள் உமியைக் காலால் மிதித்தால் வருமே, அந்தச் சத்தம்தான் மிச்சம்.

சித்தி போலகத்துப் பெண். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் இருக்கும். இருபது வயது, பள்ளி இறுதி தேறியவள். ஆடியில் பக்கத்துத் தெருப் பாலர் பள்ளியில் அவளை டீச்சராகக் கூப்பிட்டார்கள். அவளே பெரியப்பாவிடம் வந்து நின்று கேட்டாள். அதுதான் முதல் குற்றம்.

“நம்ம வூட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போற வழக்கமில்ல,” என்றார் பெரியப்பா, இருக்கிற குரலை எல்லாம் திரட்டி.

சித்தி வாதாடவில்லை. “சரிங்க மாமா. ஆனா இந்தத் தொண்டையக் கொஞ்சம் பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க. எங்க ஊர்ல ஒருத்தருக்கு இப்புடித்தான் ஆரம்பிச்சுது,” என்றாள். அது இரண்டாவது குற்றம்.

உண்மையில் அவர் ஒரு டாக்டரிடம் போய்வந்திருந்தார். அந்த டாக்டரும் சுருட்டை விட்டுவிட்டுப் பாண்டிச்சேரியில் போய்க் காட்டச் சொல்லியிருந்தார். பெரியப்பாவுக்கு அதில் மரியாதைக் குறைவு பட்டது. டாக்டருக்கு வயது போதாதாம். பிரெஞ்சு ஒரு வார்த்தை வரவில்லையாம். அதோடு அந்த வைத்தியம் முடிந்தது.

சித்தி ஆடியில் கொல்லைப்புறத்தில் போட்ட அவரைக்கொடி, ஆவணி கடைசியில் பந்தலை மூடியிருந்தது. பந்தலுக்கு அடியில் போய் நின்றால் மேல் வெயில் பச்சையாக இறங்கும், கையில் அவரையிலையின் சொரசொரப்பும் பிசுபிசுப்பும் ஒட்டும். ஒருநாள் தரையில் மிளகு கொட்டியது போல உருண்டை உருண்டையாகக் கிடந்தது. அண்ணாந்து பார்த்தேன். என் நடுவிரலைவிட நீளமாக, கட்டைவிரல் பருமனில் ஒரு புழு. பச்சை உடம்பு. பக்கவாட்டில் மஞ்சளும் நீலமுமாகச் சாய்ந்த கோடுகள். பின்பக்கத்தில் சுருண்ட கொம்பு ஒன்று, உப்புக்கல் ஒட்டியது போலச் சொரசொரவென்று. இலையை ஓரத்திலிருந்து அறுத்து அறுத்துத் தின்றுகொண்டிருந்தது.

நான் போட்ட கூச்சலில் சித்தி வந்தாள். சிரித்தாள்.

“கொம்புப் புழுடி. கடிக்காது. தொட்டுப் பாரு, சொடுக்குப் போடும்.”

குச்சியால் தொட்டேன். டிக் டிக்கென்று நிஜமாகவே சொடுக்கியது. நான் குச்சியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் அதற்கும் சிரித்தாள். அந்த வீட்டில் சத்தமாகச் சிரித்த ஒரே பெண் அவள்தான்.

“எங்க ஊர்ல எள்ளுக் கொல்லையில மஞ்சளா கெடக்கும். நொச்சி வேலியில அழுக்குக் கலர்ல பாத்திருக்கேன். இங்க பச்சை. எல்லாம் ஒரே சாதிதான். வயிறு ரொம்புனதும் எறங்கி மண்ணுக்குள்ள போயிரும். அப்புறம் பெரிய பூச்சியா வரும், முதுகுல மூஞ்சி இருக்கும்,” என்றாள்.

சில நாளில் பச்சை மங்கிப் பழுப்பேறிய புழுக்கள் கொடியை விட்டு இறங்கின. ஈர மண்ணில் அங்குமிங்கும் அலைந்து, ஓரிடத்தில் தலையைக் குத்தி உள்ளே போயின. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மேலே மண் மூடிக்கொண்ட பிறகு ஒரு சுவடும் இல்லை. கால்பரீட்சை விடுமுறையில் எனக்கு அதைவிட வேறு வேலையும் இல்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் கொல்லையில் வடிகால் வெட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். இல்லாவிட்டால் தண்ணீர் அடுப்படிக்குள் வந்துவிடும். அந்த வருஷம் அப்பா மண்வெட்டி பிடித்தார். பெரியப்பா குடையைப் பிடித்துக்கொண்டு, விரலால் இங்கே அங்கே என்று காட்டினார். பந்தலை ஒட்டி வெட்டும்போது ஒரு மண்கட்டி உடைந்து, உள்ளே வழவழப்பான சிறு பொந்து தெரிந்தது. அதில் நெய் தடவின பேரீச்சம்பழம் போல ஒன்று. அடுத்த வெட்டில் இன்னொன்று, அதற்கடுத்து மூன்றாவது. அப்பா ஒன்றைக் கையில் எடுத்தார். அது வாலை இப்படியும் அப்படியும் ஆட்டியது.

அப்பா அதைப் போட்டுவிட்டு வேட்டியில் கையைத் துடைத்த வேகம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. நூறு பேருக்கு மேலதிகாரியாக இருந்த மனிதர்.

பெரியம்மா வந்து பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். “பொதச்சு வெச்சிருக்காங்க. உசுரோட பொதச்சு வெச்சிருக்காங்க. அதான் இவருக்கு வாய்க்கட்டு.”

வாய்க்கட்டு என்பது ஒருவரைப் பேசவிடாமல் செய்கிற செய்வினை. பிரெவே தேறிய பெரியப்பா இதைக் கேட்டுச் சிரிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. சுருட்டு காரணமில்லை என்று யாரோ சொல்லிவிட்டார்கள் அல்லவா.

“அக்கா, அது புழுக்கூடு. கொம்புப் புழு மண்ணுக்குள்ள போயி இப்புடித்தான் கெடக்கும்,” என்றாள் சித்தி.

“ஆமா பெரியம்மா, நானும் பாத்தேன், உள்ள போறத,” என்றேன்.

என் கன்னத்தில் விழுந்தது அப்பாவின் கை. “புள்ளைக்கும் சொல்லிக் குடுத்து வெச்சிருக்கா பாருங்க,” என்றாள் பெரியம்மா. அந்த வீட்டில் சாட்சிக்குக் கிடைத்த மரியாதை அது.

மறுநாள் மந்திரிக்கிற வேப்பிலைக்காரர் ஒருவர் வந்தார். மூன்று கூடுகளையும் நீண்ட நேரம் பார்த்தார். புதுச்சட்டியில் அதே மண்ணைப் போட்டு, அதற்குள் இவற்றை வைத்து, மஞ்சள் துணியால் வாயைக் கட்டி, சாமி அறையில் வைக்கச் சொன்னார். தினமும் மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும். வெறும் புழுவாக இருந்தால் செத்துப்போகும். வைத்த வினையாக இருந்தால் உள்ளிருந்து பேசும். அப்போது துணியை அவிழ்த்தால் வைத்தவர் யாரென்று தெரியும்.

கவனித்தீர்களா? நிழல், ஈரம், சொந்த மண், காற்றுப் போகிற துணி. ஒரு கூட்டைப் பத்திரமாகப் பொரிக்க வைக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் குளித்துவிட்டு, ஈரப்புடவையோடு, பக்தியாக ஒரு பூச்சியை வளர்த்தார்கள். என்னையும் சித்தியையும் அந்த அறைப்பக்கம் விடவில்லை.

சித்தி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். “அக்கா, அது சாவாது. நீங்க பாத்துக்கிட்டே இருங்க, தீவாளிக்குள்ள பூச்சியா வெளிய வரும். முதுகுல மண்டை ஓடு மாதிரி மூஞ்சி இருக்கும். தொட்டா கீச்சுன்னு கத்தும். அப்ப பயந்துராதீங்க.” அவள் நல்ல எண்ணத்தில் சொன்னாள். பாவம், அறிவாளிகள் வீட்டில் இருக்கிறோம் என்று நினைத்துவிட்டாள்.

சரஸ்வதி பூஜை கழிந்து ஒருநாள், விளக்கு வைக்கும் நேரம். சாமி அறையில் பிராண்டுகிற சத்தம் கேட்டது. எல்லாரும் ஓடினோம். மஞ்சள் துணி உள்ளிருந்து லேசாக முட்டியது. பெரியம்மா அதன்மேல் ஒரு விரலை வைத்தாள். உள்ளே அது கத்தியது. சுண்டெலிக் குஞ்சின் கத்தல் போல, கீச், கீச்.

“ஐயோ! உங்க குரலுங்க! உள்ளாற புடிச்சு அடச்சு வெச்சிருக்கா!” என்று பெரியம்மா அலறினாள்.

இப்போது நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும். பெரியப்பா மண்டியிட்டார். பத்திரம் வாசித்தால் ஊரே அடங்கிக் கேட்ட அந்த மனிதர், சட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு நிமிர்ந்து, உமிக் குரலில் சொன்னார்: “என் குரல்தான்.”

யாரும் சிரிக்கவில்லை. அப்பா தலையாட்டினார். சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

துணியை அவிழ்த்தார்கள். மண்ணில் இரண்டு கூடு அசையாமல் கிடக்க, மூன்றாவதிலிருந்து வந்த பூச்சி சட்டியின் விளிம்பில் ஏறி நின்றது. எத்தனை அழகு என்று இப்போது சொல்வேன். அப்போது நானும் அம்மா முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மேல் இறக்கை மரப்பட்டை நிறம், கருப்பும் பழுப்பும் கலந்து. அடியில் மஞ்சள் இறக்கை, அதில் கருப்புப் பட்டை. பருத்த மஞ்சள் வயிறு. கழுத்துக்குக் கீழே, இரண்டு கண்குழியோடு மண்டை ஓடு.

சித்தி கரண்டியோடு வந்தவள் எட்டிப் பார்த்து, “இதத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்,” என்றாள்.

பெரியப்பா எழுந்தார். “உள்ள என்ன இருக்குன்னு வெச்சவளுக்குத்தானே தெரியும்?” என்றார்.

அவ்வளவுதான் விசாரணை. தெரிந்து சொன்னாள், ஆகவே செய்தாள். தெரியாமல் எங்களைப் போலக் கத்தியிருந்தால் தப்பித்திருப்பாள். வேலைக்குப் போகக் கூடாது என்றதற்குப் பழிவாங்கி வாய்க்கட்டுப் போட்டாள் என்று பெரியம்மா கதையையும் முடித்துக் கொடுத்தாள். குரல் கம்மியது ஆனியில், மறுத்தது ஆடியில். அந்த வீட்டில் ஆளுக்கொரு காலண்டர் தொங்கியது.

சித்தி கொஞ்ச நேரம் அவர்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பூச்சியைக் கையில் ஏற்றிக்கொண்டாள். அது கத்தியது. அதை அப்படியே பெரியப்பாவின் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள்.

“உங்க குரலுன்னா வாங்கிக்கங்க மாமா.”

பெரியப்பா பின்வாங்கிப் பின்வாங்கி மணையில் தடுக்கி உட்கார்ந்தார். பூச்சி எழும்பி விளக்கைச் சுற்றியது. அப்பா விளக்குமாற்றை ஓங்கினார். “அடிக்காதீங்க, அடிக்காதீங்க! குரல் போயிரும்!” என்று பெரியம்மா அவர் கையைப் பிடித்துத் தொங்கினாள். அப்புறம் எல்லாரும் அதை உயிரோடு பிடிக்க ஓடினார்கள். துண்டை வீசினார்கள், முறத்தைப் பிடித்தார்கள், பெரியப்பா வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலை மறித்து நின்றார். அது அவர் தோளுக்கு மேலே பறந்து, கொல்லையில் அவரைக்கொடிப் பந்தலைத் தாண்டிப் போயேவிட்டது.

பல வருஷம் கழித்து, பிரான்சில் என் மகள் வீட்டுக்குப் போனபோது ஓர் அருங்காட்சியகத்தில் இதன் சாதியை வரிசையாகக் கண்ணாடிக்குள் வைத்திருந்ததைப் பார்த்தேன். அவர்கள் ஊர்ப் பூச்சிக்கு மண்டை ஓடு பளிச்சென்று வெளுத்திருக்கிறது. நம் மலைப்பக்கத்தில் இருப்பது இன்னும் பெரிது, வயிறெல்லாம் கருநீலம். நம் சமவெளிப் பூச்சிதான் மூன்றிலும் சிறியது, முகமும் மங்கல். இரவில் தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் திருடுமாம். மகளிடம் கேட்டேன், அந்த ஊர் ஜனங்களும் ஒரு காலத்தில் இதைக் கண்டால் சாவு வரும் என்று நடுங்கியிருக்கிறார்கள். பெரியப்பா அவ்வளவு பெருமைப்பட்ட பிரெஞ்சுக்காரர்களோடு அவருக்கு இந்த ஒரு விஷயத்தில் நிஜமாகவே ஒற்றுமை இருந்திருக்கிறது.

பூச்சி பறந்துபோன மறுநாள் சித்தியைப் போலகத்துக்கு அனுப்பினார்கள். “கட்டுன கட்ட அவுத்துட்டு வரட்டும். அப்புறம் வாழட்டும்,” என்றாள் பெரியம்மா. கட்டாத கட்டை எப்படி அவிழ்ப்பது? செய்தேன் என்று ஒப்புக்கொண்டால்தான் வீடு. சித்தி ஒப்புக்கொள்ளவில்லை. சித்தப்பா அவளையும் டிரங்குப் பெட்டியையும் கொண்டுபோய் விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். அவரைக்கொடிப் பந்தலை வேரோடு பிடுங்கிக் கொளுத்தினார்கள். பச்சைக்கொடி எரியாமல் நாள் முழுக்கப் புகைந்தது.

குரல் ஜன்னல் வழியாகப் போய்விட்டபடியால், பெரியப்பா அப்போதும் பாண்டிச்சேரிக்குப் போகவில்லை. போன பொருளுக்கு எதற்கு வைத்தியம்? சுருட்டை மட்டும் விடவில்லை. பங்குனியில் எச்சிலில் ரத்தம் வந்த பிறகு காரில் ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரிக்கு ஓடினார்கள். ஏன் இவ்வளவு நாள் கழித்துக் கொண்டுவந்தீர்கள் என்று அங்கே கேட்டார்களாம். அப்பா என்ன பதில் சொன்னார் என்று எங்களிடம் சொல்லவில்லை. வைகாசியில் பெரியப்பா போய்ச்சேர்ந்தார். ஒரு டம்ளர் கஞ்சி இறங்காமல், கையால் சைகை காட்டிக்காட்டி, மிகவும் கஷ்டப்பட்டுச் செத்தார். அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிணத்தை எடுக்கும்போது பெரியம்மா என்ன சொல்லி அழுதாள் தெரியுமா? “நெனச்சத சாதிச்சுட்டாளே!” அந்த வருத்தமும் அதோடு வற்றிப்போகிறது.

கருமாதி முடிந்து ஒரு மாதத்தில் வீட்டுக்கு ஆள் தேவைப்பட்டது. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, பெரியம்மா மூலையில் உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பாவைப் போலகத்துக்கு அனுப்பினார்கள். குழந்தை முகத்தைப் பார்த்தால் இளகுவாள் என்று கணக்குப் போட்டு என்னையும் கூட அனுப்பினார்கள். கடைத்தெருவில் சித்தப்பா அல்வாவும் மல்லிகைப்பூவும் வாங்கினார். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு. வழியில் பட்டினம் என்கிற ஊரைத் தாண்டும்போது அவர் தலையை வாரிக்கொண்டார்.

சித்தி வாசலுக்கு வந்தாள். புடவையில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது. அந்த ஊர்ப் பாலர் பள்ளியில் சேர்ந்துவிட்டிருந்தாள். என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தாள். உள்ளே வரச்சொல்லவில்லை.

சித்தப்பா டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார். “அண்ணி ஒன்ன மன்னிச்சுட்டாங்க. நடந்தது நடந்துபோச்சு, வந்துருன்னு சொல்லச் சொன்னாங்க.”

“மன்னிச்சுட்டாங்களா,” என்றாள் சித்தி.

“ஆமா. யாரும் இனிமே அதப் பேச மாட்டாங்க.”

சித்தி என் தலையைத் தடவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். “கல்யாணமான வருஷம் சித்திரையில இங்க வந்திருந்தீங்க. எங்க எள்ளுக் கொல்லையில நான் அந்தப் புழுவக் காட்டுனேன். கையில ஏத்தி வெச்சுக்கிட்டுச் சிரிச்சீங்க. எங்கப்பா மண்ணத் தோண்டிக் கூடு எடுத்துக் காட்டுனாரு. சாயங்காலம் விளக்குக்குப் பூச்சி வந்துச்சு, நீங்கதான் அதப் புடிச்சுக் கத்த வெச்சீங்க. ஒங்களுக்குத் தெரியும்.”

சித்தப்பா டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தார்.

“சட்டிய வெச்ச நாள்லேருந்து ஒங்களுக்குத் தெரியும். ‘அண்ணே, இது பூச்சி’ன்னு ஒரு வார்த்தை. நான் அங்கயே இருந்திருப்பேன். ஒங்க அண்ணனும் இருந்திருப்பாரு.”

அவள் டம்ளர்களை வாங்கிக்கொண்டாள். என்னிடம், “நல்லாப் படி,” என்றாள். கதவைச் சாத்தும்போது சத்தம்கூட வரவில்லை. சித்தப்பா பூவை வாசலில் வைப்பதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, பைக்குள் போட்டுக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அல்வாப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார். பட்டினம் வருவதற்குள் பிரித்து, அவரே சாப்பிட்டு முடித்துவிட்டு, கையை ஜன்னல் கம்பியில் துடைத்துக்கொண்டார்.